கெமாஸ் போகாத கார்

எனக்கு ஒரே ஊரில் நிலைத்திருக்கத் தெரியாது. தொழிற்சாலை, சாப்பாட்டுக்கடை, பேருந்து நிலையத்து டிக்கெட் கூண்டு என்று கிடைத்த வேலையோடு ஊர் ஊராகப் போயிருக்கிறேன். ஆனால் வாழ்க்கையில் முதன்முதலாகப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட ஊருக்கு மட்டும் நான் போய்ச் சேரவில்லை. காரணம், அப்பாவின் கார்.

அப்போது மம்பாவுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தோம். தோட்டத்தில் வேலை குறைந்து, அப்பா அம்பாங்கானில் ஒரு கிடங்குக்குக் காவல் வேலைக்குப் போய்வந்தார். அதற்காக வாங்கியதுதான் அந்தப் பழைய வெள்ளைக் கார். அம்மா செம்பனை ஓலையைச் சீவி, ஈர்க்கு எடுத்து, துடைப்பம் கட்டி விற்பார். இரண்டு சம்பாத்தியமும் சேர்ந்தும் மாதக் கடைசியில் கஞ்சிதான்.

அந்த நேரத்தில்தான் கெமாஸிலிருந்து அத்தை சொல்லியனுப்பினார். அவருக்கு அங்கே ஒரு சாப்பாட்டுக்கடை. பிள்ளையைத் தன்னிடம் விட்டால் கடையில் கூடமாட உதவியாக இருக்கும், பள்ளிக்கூடத்துக்கும் அங்கேயே அனுப்பிவிடுவேன் என்றார். அப்பா உடனே சரி என்றார். நானும் குதித்தேன். கெமாஸில் ரயில்கள் பிரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அம்மா ஈர்க்கைச் சீவிக்கொண்டே இருந்தார். அப்பாவின் அக்காள் சொன்ன பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அம்மாவையும் என் வயதில் இப்படித்தான், படிக்கவைக்கிறோம் என்று சொல்லி ஓர் உறவினர் வீட்டுக்குக் கூட்டிப்போனார்களாம். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இந்த இரண்டு சங்கதிகளும் எனக்குத் தனித்தனியாகத்தான் தெரியும்.

கார் முதலில் நின்றது மம்பாவ் சந்தையில், தானாகவே. பழுது பார்ப்பவரை எங்கள் பக்கம் போர்மேன் என்போம். அவர் வீட்டுக்கு வந்து காரின் முன்மூடியைத் திறந்தார். பொழுது சாயும் நேரம். அம்மாதான் டார்ச் பிடித்தார்.

“இந்தப் பிளக்கு லூசாயிருச்சுண்ணே” என்றார் போர்மேன். “இது கழண்டா வண்டி ஓடும், ஆனா பேட்டரிக்குச் சோறு போவாது. இருக்கிறதைத் தின்னுட்டு, வழியில எங்கயாச்சும் படுத்துக்கும்.”

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. தன் தம்பி மேல் சந்தேகம் என்று போர்மேனிடமே விளக்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். பெண் பார்க்கப் போகக் காரைக் கேட்டு, அப்பா மறுத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

“எவனோ கை வச்சிருக்கான் லா. கார் தானா நிக்குமா?” என்றார் அப்பா.

பிளக்கை அழுத்தி மாட்டியதும் கார் சரியானது. அப்பா தினமும் வேலைக்குப் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு கெமாஸுக்குப் புறப்பட்டார். வழியில் மழை. விளக்கு, வைப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு போனோம். குவாலா பிலாவைத் தொடுவதற்குள் விளக்கு மங்கி, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று, காரும் நின்றது. சித்தப்பாதான் நண்பரின் லாரியோடு வந்து கயிறு கட்டி இழுத்துப்போனார்.

“உங்க காருக்குக் கெமாஸ்னு பேரைக் கேட்டாலே மயக்கம் வந்துருதுண்ணே” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அப்பா மன்னிக்கவில்லை. எனக்கும் அன்றிலிருந்து சித்தப்பாவைப் பிடிக்காமல் போனது. நான் ரயில் பார்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் போர்மேன் வந்து பார்த்தபோது பிளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். பேட்டரியில் மீட்டர் வைத்து அளந்தார். எல்லாம் சரி. “பேட்டரிக்கு வயசாயிருச்சோ என்னமோ” என்று சொல்லி அதற்கு இரவெல்லாம் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். வாரம் முழுக்கக் கார் ஒழுங்காக ஓடியது. அடுத்த ஞாயிறு கெமாஸ் பாதையில் மறுபடி நின்றது.

அதன் பிறகு அப்பா துப்பறிய ஆரம்பித்தார். போர்மேனைக் கூப்பிட்டு, பிளக்கின் மேல் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றவைத்தார். சனிக்கிழமை மாலை, தேய்ந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, கார் மூடியின் இடுக்கில் செருகினார். யாராவது திறந்தால் ஈர்க்கு விழும், ஆள் அகப்படுவான். சித்தப்பா சாப்பிடும்போது அவர் விரல்களில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்றும் பார்த்தார். சித்தப்பா வேண்டுமென்றே இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“நகத்தையும் பாத்துக்குங்கண்ணே.”

விடிந்து பார்த்தால் ஈர்க்கு வைத்த இடத்திலேயே இருந்தது. அப்பாவுக்கு நிம்மதி. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. மாலையில் அது காய்ந்து பழுப்பாக இருந்தது. காலையில் பச்சையாக இருந்தது. பனியில் நனைந்தால் ஈர்க்குப் பச்சையாகிவிடும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அப்பா சாவியைத் திருப்பினார். “பாரு, பேட்டரியோட சிவப்பு விளக்கு எரியவே இல்ல. இன்னைக்குப் போய்ச் சேந்துருவோம்.” அம்மா என் பையை மடியில் வைத்துவிட்டு, தலையைத் தடவினார். அம்மாவின் கட்டைவிரல் என் முடியில் பசைபோல ஒட்டி இழுத்தது.

கார் முன்பு நின்ற இடத்துக்கு ஒரு வளைவு முன்னாலேயே நின்றது. இம்முறை சித்தப்பா போர்மேனையும் லாரியில் ஏற்றிவந்தார்.

போர்மேன் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். பிளக்கு கழன்று தொங்கியது. அதில் சுற்றியிருந்த டேப், கசங்காமல் நீளமாக, மறுபடியும் எடுத்துச் சுற்றுவதற்கு வாகாக, பேட்டரியின் மேல் ஒட்டப்பட்டிருந்தது.

“காலையில சாவி போட்டப்ப சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சாண்ணே?”

“எரியல. அதான நல்லது?”

“இல்லண்ணே. முதல்ல எரியணும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லன்னா, வீட்லயே பிளக்கு கழண்டிருந்துச்சுன்னு அர்த்தம்.”

அப்பா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். “வச்ச ஈர்க்கு அப்படியே இருந்துச்சே. அதையும் மீறி எவன்டா தொறந்தான்?”

போர்மேன் டேப்பை விரலால் நீவிக்கொண்டே கேட்டார்: “வீட்ல முதல்ல எந்திரிக்கிறது யாருண்ணே?”

“என் வீட்டுக்காரிதான். ஏன்?”

போர்மேன் காருக்குள் பார்த்தார். நான் பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா சட்டென்று லாரிப் பக்கம் போய்க் கயிறு எடுக்க ஆரம்பித்தார்.

“எலிண்ணே” என்றார் போர்மேன். “செம்பனைக்காட்டு எலி. ஒயருன்னா அதுக்கு உசுரு.”

“எலியா டேப்பைப் பிரிச்சுச்சு?”

“இந்தப் பக்கத்து எலிங்க கெட்டிக்காரத்தனம் உங்களுக்குத் தெரியாதுண்ணே.”

அப்பா அன்றே கருவாட்டுத் துண்டு வைத்த எலிப்பொறியைக் காருக்கு அடியில் வைத்தார். எலி எதுவும் விழவில்லை, ஆனாலும் கார் அதற்குப் பிறகு நிற்கவில்லை. ஏனென்றால் அத்தை பொறுமை இழந்து, அண்டைத் தோட்டத்திலிருந்து வேறொரு பிள்ளையைக் கடைக்கு வைத்துக்கொண்டார். பொறிதான் காரைக் காப்பாற்றியது என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் டேப்பைப் பிரித்தது தம்பியோ என்ற சந்தேகமும் அவருக்குப் போகவில்லை. சித்தப்பா கல்யாணமாகிப் போகும்வரை அந்தச் சந்தேகத்தைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு எங்களோடு சாப்பிட்டார்.

நான் அதே தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, இடைநிலைப்பள்ளியில் பாதிவரை போனேன். அதற்கு மேல் எனக்கே படிப்பில் இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் போகிற இடத்திலெல்லாம் என் பெயரை நானே எழுதிக்கொடுக்கிறேன்.

அந்த ஞாயிறுகளில் எனக்கு அம்மாமேல் ஒரே ஒரு கோபம் இருந்தது. காரைக் கயிறு கட்டி இழுத்து நாங்கள் வீடு வந்து சேரும்போதெல்லாம், பையில் மடித்து வைத்திருக்க வேண்டிய என் பள்ளிச் சீருடை துவைத்து, கஞ்சி போட்டு, வாசல் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். கெமாஸுக்குப் போகிற பிள்ளைக்குச் சீருடையை எடுத்துவைக்க வேண்டும் என்றுகூட நினைப்பில்லையே, அம்மாவுக்கு எத்தனை மறதி என்று நினைத்துக்கொண்டே மறுநாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவேன்.