ஒட்டின உடுப்பும் இரட்டைத் தையலும்

அந்த நீச்சல் உடுப்பைத் தைக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் நான் முதலில் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மனதார நம்பினேன். பளபளப்பான பெட்டி, உள்ளே மெல்லிய தாள், தாளுக்குள் கறுப்பாக ஒரு சங்கதி. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடுப்போரத்தில் இல்லை, தொடையோரத்தில் இல்லை, தோள்பட்டையிலும் இல்லை. எங்கேயும் ஒரு நூல் கிடையாது. இவ்வளவு பெரிய கம்பெனி, கடைசி வேலையை விட்டுவிட்டுப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டதே என்று பரிதாபப்பட்டேன்.

நாமக்கல்லில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை என்னுடையது. முப்பது வருடமாக மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். டிரைவர்கள் என் கடைக்குத் தார்ப்பாய்க்காகப் பாதி, என் வாய்க்காகப் பாதி வருகிறார்கள் என்று சொல்வார்கள். அதில் ஒரு ரகசியம் உண்டு. எனக்குப் பயம் வந்தால் வாய் நீளும். நான் அதிகமாகச் சிரிக்க வைக்கிற நாளில் உள்ளுக்குள் ஏதோ உதறிக்கொண்டிருக்கும். இது என் மனைவிக்குத் தெரியும். அதனால் நான் ஜோக் அடித்தால் அவள் மட்டும் சிரிக்க மாட்டாள், "என்னாச்சுங்க?" என்று கேட்பாள்.

அந்தக் கறுப்பு உடுப்பு என் மகளுக்காக வந்தது. அவளுக்கு நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல். எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் ஆறு வருடமாகப் பயிற்சி. போன வருடம் சேலத்தில் நடந்த தேர்வுப் போட்டியில் ஐந்தாவது வந்தாள். முன்னால் வந்த நாலு பேரும் தோளிலிருந்து முழங்கால் வரை கறுப்பாக இறுகின ஒரு உடுப்பு போட்டிருந்தார்கள். என் மகள் சாதாரண நீச்சல் உடை. எனக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது, புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

"சாமி, உன்னைய அந்தப் புள்ளைங்க ஜெயிக்கல. அந்த உடுப்பு ஜெயிச்சிருச்சு."

"அப்பா, அவங்க நல்லாவும் நீந்துறாங்க. உடுப்பும் வெச்சிருக்காங்க. ரெண்டுந்தான்," என்றாள் அவள்.

பிள்ளைகள் நியாயமாகப் பேசினால் பெற்றவனுக்கு எரிச்சல் வரும். எனக்கும் வந்தது.

இந்த வருடம் அவளுக்குப் பிளஸ் டூ. வீட்டில் ஒரு பேச்சு ஆகியிருந்தது. சேலம் தேர்வுப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி, அதற்கப்புறம் கல்லூரியில் விளையாட்டுப் பிரிவில் இடம் என்று தொடரலாம். வராவிட்டால் நீச்சலை நிறுத்திவிட்டுப் படிப்பு. மனைவி சொன்னாள், நான் தலையாட்டினேன், மகளும் சரி என்றாள். அவள் சரி என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளுடைய கோச் ஒரு பெண். ஒரு காலத்தில் தானே போட்டிகளில் நீந்தியவர். நான் மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். உடுப்பு வாங்கலாமா என்று அவரிடம்தான் போய்க் கேட்டேன்.

"வாங்கலாம்ங்கண்ணா. ஆனா அதுவே நீந்திரும்னு நெனைக்காதீங்க. தசையை இறுக்கிப் பிடிக்கும், தண்ணி ஊறாது, உடம்பு கொஞ்சம் மேல நிக்கும். மொத்தமாப் பாத்தா ஒரு நொடிகூடக் கிடைக்காது, அதுல ஒரு துண்டுதான்."

"ஒரு துண்டுக்கா மேடம் இத்தனை ஆர்ப்பாட்டம்?"

"அந்தத் துண்டுக்குள்ளதான்ங்கண்ணா ரெண்டாவது ஆளும் மூணாவது ஆளும் இருக்காங்க."

முன்பு கழுத்திலிருந்து கணுக்கால் வரை பிளாஸ்டிக் மாதிரி உடுப்புகள் வந்தன என்றும், அதைப் போட்டவர்கள் உலக சாதனைகளைச் சரசரவென்று உடைத்தார்கள் என்றும், யார் நீந்துகிறார்கள், எது நீந்துகிறது என்றே தெரியாமல் போனதால் அதைத் தடை செய்துவிட்டார்கள் என்றும் சொன்னார். இப்போது துணியாக இருக்க வேண்டும், பெண்களுக்கு முழங்காலோடு நிற்க வேண்டும், ஜிப் கூடாது, அனுமதி முத்திரை இருக்க வேண்டும். "கம்பெனிலருந்து எப்படி வருதோ அப்படியே போடணும். நாம அதுல ஒண்ணும் பண்ணக் கூடாது," என்றார். கடைசியாகச் சொன்ன இந்த ஒன்று மட்டும் என் காதுக்குள் போய் மறுகாது வழியாக வெளியே போய்விட்டது.

உடுப்பு வந்த அன்று மகள் ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். போட இருபது நிமிடம் ஆனது. காலில் பாலித்தீன் கவரை மாட்டி, அதன்மேல் வழுக்கவிட்டு, அம்மா ஒரு பக்கம் இழுக்க இவள் ஒரு பக்கம் இழுக்க, உள்ளே மாவு ஆட்டுகிற மாதிரி மூச்சுச் சத்தம். கழற்றியதும் பெட்டியில் வைத்து எனக்கு ஒரே ஒரு உத்தரவு போட்டாள்.

"அப்பா, இதை மட்டும் தொடாதீங்க. நகம் பட்டாப் போச்சு."

தொடாதே என்று சொல்லாமல் இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன் என்று பிற்பாடு வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, பெட்டியைத் திறந்தேன். இடுப்போரத்தில் துணியும் துணியும் சேர்கிற இடத்தில் ஒரு மெல்லிய பட்டை. நூலுக்குப் பதில் அதைத்தான் சூடு வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. அதன் ஓரம் ஒரு நகக்கணு அளவுக்குத் தூக்கியிருந்தது. அவ்வளவுதான், எனக்கு வேர்த்துவிட்டது.

நான் ஏன் வேர்த்தேன் என்று சொல்ல வேண்டும். சூடு வைத்து ஒட்டின தார்ப்பாயை நான் நம்புகிறவன் அல்ல. எங்கள் ரோட்டிலேயே ஒருவர் அப்படி ஒட்டுகிற மெஷின் வைத்திருந்தார். அவர் ஒட்டின தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஆத்தூரிலிருந்து ஜவ்வரிசி லோடு ஏற்றிப் போன ஒரு லாரி, வழியில் மழையில் மாட்டியது. ஒட்டு விட்டுப்போய் லோடு மொத்தமும் கஞ்சியாகிவிட்டது. டிரைவர் என் கடைக்கு வந்து, "அண்ணே, சக்கரை மட்டும் போட்டிருந்தா ஊருக்கே பாயாசம்," என்று சொல்லி அழாத குறையாக நின்றார். அன்றிலிருந்து ஒட்டு என்று கேட்டாலே எனக்கு அந்தக் கஞ்சிதான் கண்ணில் தெரியும்.

இப்போது அந்தக் கஞ்சிக்குப் பதிலாக, என் மகள் ஆறாவது லேனில் நீந்திக்கொண்டிருக்கும்போது உடுப்பு இரண்டாகப் பிரிந்து மிதப்பது கண்ணில் தெரிந்தது. சுற்றி இருநூறு பேர். என் பயம் சாதாரணப் பயம் அல்ல, வாத்தியம் வைத்து ஊர்வலம் போகிற பயம்.

பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனேன். கோணி ஊசி போடவில்லை, அந்த அளவுக்கு மூளை வேலை செய்தது. சீட் கவர் தைக்கிற மெல்லிய ஊசி, கறுப்பு நைலான் நூல். வலது இடுப்பிலிருந்து தொடை வரை ஒரு வரி. ஒரு வரி போதாது என்று பக்கத்திலேயே இன்னொரு வரி. வலது பக்கம் மட்டும் பலமாக இருந்தால் கோணலாக நீந்துவாளோ என்று இடது பக்கமும் அதேபோல் இரண்டு வரி. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. மடித்துத் தாளுக்குள் வைத்துப் பெட்டியை மூடியபோது, அந்தக் கம்பெனிக்காரன் செய்ய மறந்த வேலையை முடித்துக் கொடுத்த பெருமை எனக்கு. யாரிடமும் சொல்லவில்லை.

போட்டியன்று காலையில் சேலம் போகிற வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். மனைவி, "என்னாச்சுங்க உங்களுக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

நீச்சல் குளத்தில், பெண்கள் உடை மாற்றுகிற அறைக்கு வெளியே என்னைப் போலவே ஒரு அப்பா நின்றிருந்தார். அவர் மகளும் உள்ளே உடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கூட்டுப் புள்ளைக்கு அரை மணி நேரம் ஆகுதுங்க," என்றார்.

"போடுறதுக்கும் ஒரு மெடல் குடுக்கலாங்க," என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

கிழிகிற சத்தத்தில் பல வகை உண்டு. கம்பியில் மாட்டிக் கிழிந்தால் ஒரு சத்தம், பழசாகி நைந்து கிழிந்தால் ஒரு சத்தம். ஊசி போட்ட ஓட்டை வரிசையிலேயே பிய்ந்து வந்தால் அது வேறு. தபால்தலையைக் கிழிக்கிற மாதிரி நேராக, சீராக வரும். நான் கேட்டது அதுதான். பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, வலது பக்கம், மேலிருந்து கீழே.

தார்ப்பாய் இழுபடாது, அதனால் அதன் நூலும் இழுபடத் தேவையில்லை. இந்தத் துணியோ இழுபடுவதற்கென்றே பிறந்தது. நான் அதைக் கையில் பிடித்துக் குறுக்கே இழுத்துப் பார்த்தேனே தவிர, ஒரு பெண் உடம்பு உள்ளே நுழையும்போது அது எந்தப் பக்கமெல்லாம் விரியும் என்று யோசிக்கவில்லை. இத்தனையும் ஒரு நொடியில் புரிந்தது.

உள்ளே மனைவியின் குரல். "நகத்தை வெட்டுன்னு எத்தன வாட்டி சொன்னேன்! எத்தன வாட்டி!"



ஒரு நல்ல தகப்பன் அப்போது கதவருகே நின்றிருப்பான். நான் ஓடினேன். கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஒரு பங்சர் கடையைக் கண்டுபிடித்து, "ஒட்டுற சொல்யூஷன் ஒரு டியூப் குடுங்க, அவசரம்," என்றேன்.

"வண்டி எங்கீங்க?" என்றார் கடைக்காரர்.

"வண்டி இல்லீங்க, பொண்ணு நீந்தணும்."

அவர் டியூபைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வாழ்நாள் முழுக்க ஒட்டைத் திட்டினவன், ஒட்டுகிற பசையைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தேன்.

உடை மாற்றுகிற அறைக்கு வெளியே கோச் நின்றிருந்தார். கையில் அந்த உடுப்பு. கிழிந்த ஓரத்தில் கறுப்பு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நூலைப் பார்த்தார், என் கையிலிருந்த டியூபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணா, இது கம்பெனித் தையல் இல்லீங்களே."

நான் வாயைத் திறந்தேன். ஜோக் ஒன்றும் வரவில்லை.

"ரெட்டைத் தையல் வேற," என்றார் அவர். "இது கிழியாம இருந்திருந்தாலும் நடுவர் பாத்திருந்தா அவளை நிறுத்தியிருப்பாங்க. தெரியுங்களா?"

"ஒட்டு தூக்கியிருந்துச்சுங்க மேடம். பயந்துட்டேன்."

"என்கிட்டக் காட்டியிருக்கலாமில்லீங்க." கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "தன் நகம் பட்டுத்தான் கிழிஞ்சுதுன்னு அவ உள்ள உக்காந்து அழுதுட்டிருக்கா. இன்னும் நாப்பது நிமிசம் இருக்குது. அந்த நெனப்போட தண்ணிக்குள்ள இறங்கச் சொல்லப் போறீங்களா?"

எனக்கு முதலில் தோன்றியது, ஆமாம், அப்படியே விட்டுவிடலாம் என்பதுதான். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். நகம் என்றே இருக்கட்டும், போட்டி முடியட்டும், ஒரு வருடம் கழித்துச் சிரிப்போடு சொல்லிக்கொள்ளலாம் என்று என் மூளை கணக்குப் போட்டது. அதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். பயிற்சிக்குப் போடுகிற பழைய நீல உடை. குளோரின் பட்டு வெளுத்து, பின்பக்கம் தொளதொளவென்று இருக்கும். கண் சிவந்திருந்தது.

"நான்தாம்ப்பா கிழிச்சுட்டேன். அவசரப்பட்டுட்டேன்," என்றாள்.

"இல்ல சாமி. நாந்தான்."

"நீங்க வெளியதான நின்னீங்க?"

"முந்தாநாளு கடைக்கு எடுத்துட்டுப் போயித் தையல் போட்டேன். ஒட்டு விட்டுருமோன்னு. அந்தத் தையல்லதான் பிஞ்சிருக்குது. உன் நகத்துமேல ஒரு தப்பும் இல்ல."

பின்னால் மனைவி, "அட பாவி மனுசா," என்று மெல்லச் சொன்னது கேட்டது. வழக்கமாக அவள் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"எத்தன வரி போட்டீங்க?"

"ரெண்டு."

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

அவள் கையிலிருந்த தொப்பியை விரித்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். போட்டிருந்த பழைய உடையின் தோள்பட்டையை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"இதையாச்சும் தொடாம இருங்க," என்று சொல்லிவிட்டுக் கோச்சோடு போய்விட்டாள்.

பசை டியூபின் மூடி எப்போதோ கழன்றுவிட்டிருந்தது. என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நான் படிக்கட்டில் மனைவிக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்தில் போக எனக்குத் தைரியமில்லை.

எட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஐந்து பேர் கறுப்பு உடுப்பு. அவர்களுக்குள் வேறு என்ன வித்தியாசம் இருந்ததோ தெரியாது, நான் உடுப்பை மட்டும்தான் பார்த்தேன். விசில் அடித்தது. கோபத்தில் வேகமாக நீந்துவாள் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை எனக்கு. மனம் உடைந்து பாதியில் நின்றுவிடுவாள் என்று இன்னொரு பக்கம் பயம். இரண்டும் நடக்கவில்லை. பயிற்சியில் தினமும் நீந்துகிற அதே நேரத்தில்தான் அன்றைக்கும் நீந்தினாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பலகையில் எண்கள் வந்தபோது கோச் அதைத்தான் என்னிடம் சொன்னார். முதலில் வந்தவளும் இரண்டாவது வந்தவளும் கறுப்பு உடுப்பு போட்டிருந்தார்கள். இரண்டாவது வந்தவளுக்கும் என் மகளுக்கும் நடுவில் ஒரு நொடியில் பாதிகூட இல்லை. அவள் மூன்றாவது. தேர்வானது இரண்டு பேர். அடுத்து வந்த திங்கட்கிழமையிலிருந்து அவள் குளத்துக்குப் போகவில்லை.