பதினெட்டாவது குழியில் மழை

கோல்ஃப் போட்டி பார்க்கப் பெங்களூருக்குப் போய் வந்தோம் என்று சொன்னால் கோவில்பட்டியில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஹாக்கி என்றால் எங்கள் ஊரில் பால் ஊற்ற வருகிறவர்கூட நின்று யோசனை சொல்வார். கோல்ஃப் என்பது டிவியில் சேனல் மாற்றும்போது பச்சையாக வந்து போகிற ஒன்று, அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது, என் மகள் அந்தப் பச்சையை வளர்க்கிற வேலைக்குப் போகும்வரை.

அவள் வேளாண்மை படித்தவள். விளாத்திகுளத்திலோ கயத்தாறிலோ அலுவலராக வந்து உட்காருவாள், என் விதைக்கடைக்கு வருகிற சம்சாரிகள் என்னைத் திட்டுவதை விட்டுவிட்டு அவளிடம் போய்க் கேட்பார்கள் என்று ஆசையாக இருந்தேன். அவள் புல்லைப் பிடித்துக்கொண்டாள். பெங்களூருக்கு வெளியே ஒரு பெரிய கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் அவள்தான் பொறுப்பு. "புல்லு வளக்கதுக்கா இம்புட்டுப் படிப்பு, அது பாட்டுக்கு வளருமே" என்று கடையில் ஒருவர் கேட்டார். அவருக்கு அன்று விதை எடுத்துக் கொடுக்க நான் அவசரப்படவில்லை.

என் கணவருக்கு மனத்தாங்கல் வேறு மாதிரி. நாகலாபுரத்தில் எங்களுக்குக் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. வரப்பை உயர்த்துவது, பண்ணைக்குட்டை வெட்டுவது என்று அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: விழுந்த மழையை வெளியே போக விடாமல் பிடித்து வைப்பது. முதல் துளி விழுந்தால் எங்கே இருந்தாலும் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கித் தட்டுவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் தட்டுவாராம். கல்யாணமான புதிதில் எனக்கு வெட்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அப்படிப்பட்டவரிடம் மகள் போன கோடையில் போனில் சொன்னாள், மைதானத்தில் பதினெட்டாவது குழி இருக்கிற இடத்தைத் தோண்டி, அடியில் குழாயும் சரளையும் போட்டு, மேலே மணல் பரப்பிப் புல் வைக்கப் போவதாக. மழைத் தண்ணீர் நிற்காமல் போவதற்கு.

"தண்ணிய வெரட்டுததுக்கா உன்னப் படிக்க வச்சேன்?" என்றார் இவர்.

அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். குழியைச் சுற்றிப் பாய் விரித்தாற்போல மழித்திருக்கும் புல்லுக்குக் கிரீன் என்று பெயர். பந்து அதில் உருளவேண்டும். பதினெட்டாவதுதான் கடைசிக் குழி, அங்கேதான் ஜெயிப்பதும் தோற்பதும். ஆனால் அது பள்ளத்தில் கிடக்கிறது, அடியில் களிமண். மழை பெய்தால் குளமாகிவிடும், ஆட்டம் நின்றுவிடும். தோண்டவேண்டும் என்று இவள் சொன்னபோது பெரியவர்கள் பலர் வேண்டாம் என்றார்கள். போட்டிக்குள் புல் பிடிக்காது, இருந்ததும் கெட்டுவிடும் என்றார்கள். இவள் பிடிவாதமாகத் தோண்டினாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் இன்னும் வழக்கு தீரவில்லை.

போட்டியின் கடைசி நாளுக்கு எங்கள் இருவருக்கும் பாஸ் வாங்கி அனுப்பினாள். கூடவே ஒரு கண்டிப்பு.

"எம்மா, இன்னார்னு யார்ட்டயும் சொல்லிக்கிடாதீங்க. என்னப் பாத்துக் கையாட்டவும் வேண்டாம். மழ வந்து பதினெட்டு கெட்டுப்போச்சுன்னா எல்லாரும் என்னத்தான் ஏசுவாவ. அத நீங்க கேட்டுட்டு நிக்கக்கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சரி என்றேன். ஐப்பசி பிறந்திருந்தது. எங்கள் காட்டில் மக்காச்சோளமும் உளுந்தும் விதைத்துவிட்டு மழைக்குக் காத்துக் கிடந்தோம். விதையை மண்ணில் போட்டுவிட்டு இவர் ஊரைவிட்டுக் கிளம்பியது அதுவே முதல் தடவை. ரயில் ஏறியதிலிருந்து சன்னல் வழியாக வானத்தையேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

மைதானத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு முட்டியது. ஏக்கர் ஏக்கராகப் பச்சை. ஒரு களை கிடையாது, ஒரு சொட்டை கிடையாது. இவ்வளவையும் என் வயிற்றில் பிறந்தது பார்த்துக்கொள்கிறது என்று நினைத்ததும் நடை கொஞ்சம் மாறியது என்னவோ உண்மை. இவர் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஒரு மாட்டக் கூடக் காங்கல" என்றார்.

பதினெட்டாவது கிரீனைச் சுற்றிப் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். ஆட்டம் எங்கெங்கோ நடந்து, கடைசியில் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு கூட்டமாக அங்கே வந்து சேர்வார்கள் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். அது வரை காத்திருக்கவேண்டும். காத்திருப்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் சத்தம் போடாமல் காத்திருப்பதுதான் கஷ்டம். ஆட்டக்காரர் பந்தைத் தட்ட நின்றுவிட்டால் தொப்பி போட்ட ஓர் அம்மாள் அமைதி என்று எழுதிய பலகையைத் தூக்கிக் காட்டுவாள், ஆயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நான் ஊரிலிருந்து காரச்சேவு கொண்டுபோயிருந்தேன். இவர் ஒன்றை வாயில் போட்டதும் பலகை உயர்ந்துவிட்டது. கடித்தால் சத்தம் வருமே என்று மனிதர் அதை வாயிலேயே ஊறவைத்துக்கொண்டு, கன்னம் உப்ப, சாமி கும்பிடுகிறவர்போல உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானை தேவைப்பட்டது.

மகள் தூரத்தில் தெரிந்தாள். காக்கிக் கால்சட்டை, கையில் வாக்கிடாக்கி, பின்னால் அவளுடைய ஆட்கள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பந்தயத்தில் முன்னால் நிற்கிறவர் யார், பின்னால் வருகிறவர் யார் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் புல்லைப் பார்த்தேன். அது நன்றாகப் பிடித்திருந்தது. ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை.

மதியத்துக்குமேல் தென்மேற்கே கறுத்தது. ஓர் ஆட்டக்காரர் குனிந்து, பந்தையும் குழியையும் மாறிமாறிப் பார்த்து, தட்டத் தயாராக நின்றார். பலகை உயர்ந்தது. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. அப்போதுதான் என் கணவரின் மொட்டைத் தலையில் முதல் துளி விழுந்தது.

எழுந்தார். இரண்டு கையையும் தூக்கினார். படபடவென்று தட்டினார்.

ஆயிரம் தலை திரும்பியது. ஆட்டக்காரர் நிமிர்ந்து பின்வாங்கினார். பலகை அம்மாள் எங்களை நோக்கி ஓடியே வந்துவிட்டாள். நான் இவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"எதுக்குத் தட்டுனீய?"

"மழைல்லா" என்றார், வேறென்ன காரணம் வேண்டும் என்பதுபோல.

நல்லவேளை, அந்த ஆட்டக்காரர் திரும்ப நின்று தட்டிய பந்து குழிக்குள் போய் விழுந்தது. பிழைத்தோம்.

துளி தூறலாகி, தூறல் அடைமழையாகி, சங்கு ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஓரத்தில் இருந்த பந்தலுக்குக் கூட்டத்தோடு ஓடி ஒதுங்கினோம். அங்கே நின்று பார்த்தால் பதினெட்டாவது கிரீன் நேராகத் தெரிந்தது. மழை சாட்டையாக அடித்தது. புல்லின்மேல் தண்ணீர் பளபளக்கத் தொடங்கியது. மகள் குடை இல்லாமல் கிரீனின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் நின்றிருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தமிழில் பேச்சுக் கொடுத்தார். ஓசூர்க்காரராம், அந்த மைதானத்தில் பல வருஷமாக உறுப்பினராம்.

"முடிஞ்சதும்மா. இனிமே ஆட்டம் கிடையாது. ஏற்கெனவே இங்க தண்ணி நிக்கும். போதாக்குறைக்கு யாரோ ஒரு சின்னப் பொண்ணு வந்து தோண்டிப் போட்டிருக்கு. நாங்க எல்லாரும் வேணாம்னு சொன்னோம். கேக்கல. இன்னைக்கு மாட்டிக்கிச்சு."

என் நாக்கு நுனிக்கு என்னென்ன வந்தது என்று இங்கே எழுத முடியாது. விதை முளைக்கவில்லை என்று சண்டைக்கு வருகிற சம்சாரியையே நான் சும்மா விட்டதில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது. குடைக்கம்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். எங்கள் மண் எனக்குத் தெரியும். இப்படி ஒரு மழை பெய்தால் கரிசலில் மூன்று நாளைக்குக் கால் வைக்க முடியாது. வைத்தால் மண் செருப்போடு அப்பிக்கொண்டு, ஒரு காலுக்கு இரண்டு கால் கனம் கனக்கும். அந்தக் கண்ணோடுதான் அந்தக் கிரீனைப் பார்த்தேன். பிள்ளையின் பேர் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"போதும்" என்றேன் வானத்தைப் பார்த்து. "நின்னு தொல."

எங்கள் ஊரில் யாரும் மழையை அப்படிச் சொல்லமாட்டார்கள். நானும் அதற்கு முன்னால் சொன்னதில்லை. என் கணவர் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் சுருங்கிப் போனேன்.

"ஏட்டி, வாயக் கழுவு. மழையப் போயி நிக்கச் சொல்லுதியே." குரலைத் தாழ்த்திக்கொண்டு, கிரீனில் நனைந்து நிற்பவளைப் பார்த்தபடி சொன்னார்: "அது பெய்யுத மட்டும் பெய்யட்டும். எம் மவ பாத்துக்கிடுவா."

தண்ணிய வெரட்டுததுக்கா உன்னப் படிக்க வச்சேன் என்று கேட்ட மனிதர் இவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழைச்சாரல் என்று துடைத்துக்கொண்டேன்.

மழை வெறித்து நின்றது. பந்தலில் யாரும் நகரவில்லை. மகளின் ஆட்கள் வீடு கழுவுகிற வைப்பரைப்போலப் பெரிதாக ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் கையைக் காட்டி நிறுத்திவைத்திருந்தாள். முதலில் பளபளப்பு நடுவில் மங்கியது. பிறகு அது ஓரத்துக்கு ஒதுங்கியது. அதன்பிறகுதான் அவர்களைத் தள்ளச் சொன்னாள், அதுவும் ஓரத்தில் மட்டும். ஒரு காபி ஆறுகிற நேரத்துக்குள் புல் புல்லாகத் தெரிந்தது. அவள் கிரீனின் நடுவுக்கு நடந்துபோய்க் குந்தி, உள்ளங்கையை வைத்து அழுத்தி, கையைத் திருப்பிப் பார்த்தாள். எழுந்து திரும்பி வந்தாள். அவள் காலணியைத்தான் பார்த்தேன். ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை.

திரும்பச் சங்கு ஊதியது. ஆட்டம் தொடங்கிவிட்டது.

"அட" என்றார் வெள்ளைத் தொப்பிக்காரர். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நிக்கவே இல்லையே!"

"நிக்காது" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அடக்கத்துக்கு எனக்கு யாராவது கோப்பை கொடுத்திருக்கவேண்டும்.

ஆட்டக்காரர்களின் கடைசிக் கூட்டம் வந்து சேர்ந்தபோது வெயிலே வந்துவிட்டது. ஜெயித்தவர் தட்டிய பந்து நீளமாக, ஒரு தயக்கமும் இல்லாமல் உருண்டு குழியில் விழுந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. ஜெயித்தவர் முகம்கூட எனக்கு இன்று நினைவில்லை, பந்து போன வழிதான் நினைவிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் என் கணவர் இல்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"எம்மா! ஏ எம்மா!"

கிரீனின் அந்தப் பக்கமிருந்து, அத்தனை பேர் நடுவில், வாக்கிடாக்கி பிடித்த கையை உயர ஆட்டிக்கொண்டு என் மகள் கூப்பிட்டாள். இன்னார் என்று காட்டிக்கொள்ளாதே என்று சொன்னவள், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். வெள்ளைத் தொப்பிக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாரேன் சார், மக கூப்பிடுதா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். அந்த நடையை நான் வாழ்க்கையில் இன்னொரு முறை நடக்கப்போவதில்லை.

"அப்பாவ எங்கம்மா?" என்றாள், வந்ததும் வராததுமாக. முடியெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது.

இரண்டு பேரும் தேடினோம். கிரீனுக்குப் பின்னால் ஒரு மேட்டைத் தாண்டிச் சரிவு இறங்கி, கீழே ஒரு குளம் இருந்தது. அதன் கரையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இவர் நின்றிருந்தார். சரிவிலிருந்து நீட்டியிருந்த ஒரு குழாயின் வாயிலிருந்து தெளிந்த தண்ணீர் குளத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. பதினெட்டாவது கிரீனில் விழுந்த மழை அத்தனையும்.

"இத வச்சித்தான்ப்பா கோட பூராத்துக்கும் புல்லுக்குப் பாய்ச்சுதோம்" என்றாள் மகள்.

அவர் குழாயைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், நனைந்து நிற்கிற மகளைப் பார்த்தார். செருப்பைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கி, முதல் துளிக்குத் தட்டுவதுபோலவே தட்டத் தொடங்கினார்.

இந்தத் தடவை பலகையைத் தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை. நானும் தட்டினேன்.