கம்பங்கொல்லையில் ஒரு சொடக்கு

இலுப்பூருக்கு மேற்கே வானம் பார்த்த கொல்லை ஒன்றில் கம்பு விதைத்துப் பிழைத்தவன் வீரய்யா. அவன் மனைவி உண்ணாமலை. புருஷன் பெயரை வாயால் சொல்லாத காலம் அது. ஆளுயரக் கம்புக்குள் அவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாவிட்டால் விரலைச் சொடக்குவாள். "இந்தா இருக்கேன்" என்று அவன் குரல் கொடுப்பான்.

கூலிக்குப் போகும் கொல்லைகளில் கதிர்க்குருவி பறக்கும்போதும் அதே சொடக்குச் சத்தம் கேட்கும். ஏமாந்து ஓடியிருக்கிறான். "ஒங்களுக்கு எத்தனை பொண்டாட்டிங்க?" என்று அவள் சிரிப்பாள்.

1951 புரட்டாசியில் ஒரு முற்பகல், சொந்தக் கொல்லையில் சொடக்குக் கேட்டது. குருவி என்று நினைத்து அவன் களையெடுத்துக்கொண்டே இருந்தான். கஞ்சி வேளைக்குத் தேடிப் போனபோது அவள் வரப்போரம் கிடந்தாள். கணுக்காலில் நாகத்தின் பல் பதிந்திருந்தது. வீரய்யாவின் தகப்பனார் பக்கத்துக் கொல்லையில்தான் இருந்தார். மாமனார் காதுபட அலறக் கூசினாளோ, விஷத்தில் நாக்குத் தடித்துவிட்டதோ, யார் அறிவார்?

"நீ கேட்டது குருவிதான்" என்று ஊர் ஆறுதல் சொன்னது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவன் உயிரோடு இருந்தான். அதையும் ஒருநாள் முனியசாமி என்ற மறுபக்கத்துக் கொல்லைக்காரர் வெள்ளந்தியாகப் பறித்துவிட்டார்.

"ஏப்பா, கதிர்க்குருவியிலே ரெண்டு சாதி. சொடக்குறது சாம்பக் குருவி. ஒங் கொல்லையிலே நான் பாத்ததெல்லாம் மண்ணு நெறத்துக் குருவி. அது சில்வண்டு மாதிரி இழுக்கும், சொடக்காது."

அன்று பிடித்தது அவனைக் குருவிப் பைத்தியம். கம்புப் பருவம் தோறும் வரப்பில் குந்திக் குருவி பார்த்தான். இரண்டும் கைக்குள் அடங்கும். இரண்டும் வாலைத் தூக்கும். ஒன்றுக்கு முதுகு மழைமேகம், வயிறு வெளிறிய காவி, கண் சிவப்பு. மற்றதற்கு உடம்பெல்லாம் புழுதி, கண்ணுக்கு மேல் வெளிறிய கோடு. வெயில் நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதால் பாட்டையும் பிரித்தறியப் பழகினான். அவன் கொல்லையில் புழுதிக் குருவி மட்டுமே பாடியது. வேறு எங்கே சொடக்குக் கேட்டாலும் சோற்றை விட்டு எழுந்து, "இந்தா இருக்கேன்" என்பான்.

உறவினர்கள் முத்தாளைக் கட்டிவைத்தார்கள். எல்லாம் தெரிந்தே வந்தவள் அவள். மறந்தும் விரல் சொடக்கியதில்லை. வளையலை ஆட்டித்தான் அவனைக் கூப்பிடுவாள்.

1962இல், கம்பு பால் பிடித்த சமயம், அவள் மூச்சிரைக்க வந்தாள்.

"இங்கிட்டு வாங்க. நம்ம கொல்லையிலேயே சாம்பக் குருவி கூடு வச்சிருக்கு."

உண்ணாமலை விழுந்த அதே வரப்பு. சாம்பல் முதுகு, சிவந்த கண். குருவி எழும்பியது: சட்சட்சட்சட்.

"கேட்டீங்களா? அன்னைக்கும் இதுதான். இனிமேலாவது நிம்மதியாச் சோறு தின்னுங்க."

"இல்லே முத்தாளு. இது மூச்சு விடாமச் சொடக்குது. அன்னைக்குக் கேட்டது ஒரு தடவை சொடக்கிட்டு நின்னுச்சு. பதிலுக்குக் காத்திருந்துச்சு. அப்புறம் மறுபடி சொடக்குச்சு."

"இத்தனை வருசமா இது தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியும். நம்ம கொல்லைக் குருவி மட்டும் வேற மாதிரி சொடக்குமோன்னு இருந்தேன்."

அவன் கம்புக்குள் நடந்தான். கதிர்கள் மூடிக்கொண்டன. முத்தாள் வளையலை ஆட்டினாள். மறுபடியும் ஆட்டினாள். பிறகு, அந்த ஊரில் எந்த மனைவியும் செய்யாததை அவள் செய்தாள்.

"வீரய்யா" என்று உரக்கக் கூப்பிட்டாள்.

வெகு நேரம் கழித்துக் கம்பு அசைந்தது. "இந்தா இருக்கேன்."

அந்தப் பதில் தனக்கா, மற்றவளுக்கா என்று முத்தாள் கேட்கவில்லை.