என் வகுப்பின் இருபத்து நான்கு புள்ளிகள்

ஆங்கிலத்தில் ஓர் உயிரொலி இருக்கிறது. நேர்ஸ், கேர்ள், பேர்ட், வேர்க் என்று நாம் தமிழில் எழுதிச் சமாளிக்கிற சொற்களின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அது ஆவும் இல்லை, ஏயும் இல்லை, ஓவும் இல்லை. அதைச் சொல்லும்போது நாக்கு வாயின் நடுவில் எந்த வேலையும் செய்யாமல் சும்மா கிடக்க வேண்டும் என்று ஒலியியல் புத்தகங்கள் சொல்கின்றன. எங்கள் பக்கத்து நாக்குகளுக்குச் சும்மா கிடந்து பழக்கமில்லை. ஆகவே அந்த ஒலியைத் தோட்டப் பிள்ளைகள் பிழையாகச் சொல்கிறார்கள் என்று நான் கண்டுபிடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். அதை வைத்து முதுகலைப் பட்டம் வாங்கவும் கிளம்பினேன்.

வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆங்கில ஆசிரியை. பிறந்ததும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில்தான். அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தார். "இந்தப் பிள்ளைகளின் வாயில் இங்கிலீஷ் நுழையவே நுழையாது" என்று எங்கள் ஆசிரியர் அறையில் அதிகம் சொன்னவள் நான்தான். சொல்லும்போது ஒரு சுகம் இருந்தது. லயத்தில் பிறந்தவள் லயத்துப் பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சொன்னால், தான் அங்கிருந்து வெகுதூரம் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. என் ஆய்வுத் தலைப்பு அந்த நினைப்பிலிருந்துதான் பிறந்தது.

மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் ரயிலேறிக் கண்டிப் பக்கம் போய் அந்தப் பட்டத்துக்குப் படித்தேன். ஆய்வேடு ஒன்றுதான் பாக்கி. அது தேறினால் பட்டம், தேறாவிட்டால் மூன்று வருடமும் வீண். அம்மா வேறு கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று, மகள் பட்டம் வாங்கப் போகிறாள் என்று மலைக்கு மலை செய்தி அனுப்பிவிட்டார். இனிப் பின்வாங்க வழியில்லை.

ஆய்வு முறை எளிமையானது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இருபத்து நான்கு பேரிடம் இருபது சொற்களை வாசிக்கக் கொடுத்து, ஒவ்வொருவர் குரலையும் பதிய வேண்டும். கணினியில் ஒரு மென்பொருள் அந்த ஒலியை அளந்து இரண்டு எண்களைத் தரும். ஒன்று வாய் எவ்வளவு திறந்தது என்பதற்கு, மற்றது நாக்கு எவ்வளவு முன்னால் போனது என்பதற்கு. குரலுக்குக் குரல் உள்ள வித்தியாசத்தைக் கழித்துவிட்டு, அந்த எண்களை வரைபடத்தில் வைத்தால் ஆளுக்கொரு புள்ளி விழும். புத்தகத்தில் உள்ள வெள்ளைக்காரர்களின் அளவு நடுவில் இருக்கும். என் பிள்ளைகள் கண்ட இடத்திலும் சிதறிக் கிடப்பார்கள். சிதறலை நான் விளக்குவேன். பட்டம் வரும்.

பதிவுக்கு அமைதியான இடம் வேண்டும். எங்கள் பாடசாலைக்குத் தகரக் கூரை, மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. புத்தக அறையின் சுவர்களில் நாலைந்து கம்பளிகளைத் தொங்கவிட்டு, கோயில் ஸ்பீக்கர் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னேன். சாதாரண உடுப்பில் வரச் சொல்லியும், இருபத்து நான்கு பேரும் வெள்ளைச் சீருடையில், தலைக்கு எண்ணெய் வைத்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்பது போல வரிசையில் நின்றார்கள். பல பேருக்கு வீட்டில் மிளகு ரசம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு தாய் கூடவே வந்துவிட்டார்.

"டீச்சர், புள்ள கொரல எடுத்து எங்க அனுப்புவீங்க?" என்று கேட்டார்.

"யூனிவர்சிட்டிக்குங்க. அங்க பார்ப்பாங்க."

"அப்ப அவங்க ஒங்களுக்கு மார்க்ஸ் போடுவாங்களா?"

"ஆமாங்க, எனக்குத்தான் போடுவாங்க" என்றேன். அவர் தலையாட்டினார். வரிசையும் தலையாட்டியது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசிப்பில் ஒரு சின்னத் தொல்லை மட்டும் இருந்தது. எங்கள் பிள்ளைகள் எந்தப் பதிலையும் 'டீச்சர்' போட்டுத்தான் முடிப்பார்கள். "பேர்ட், டீச்சர். கேர்ள், டீச்சர்" என்றே வாசித்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் "சரி, டீச்சர்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதே. இருபத்து நான்கு பேரின் மரியாதையையும் கணினியில் நறுக்கி எறிய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

அதன் பிறகு, வெள்ளைக்காரர்களின் அளவைக் கடைசிக்கு வைத்துவிட்டு, பிள்ளைகளின் புள்ளிகளை மட்டும் விழ வைத்தேன். அவை சிதறவே இல்லை. இருபத்து மூன்று புள்ளிகள் ஏகாரத்தின் பக்கமாக, ஓர் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியால் மூடிவிடக்கூடிய இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரே ஒரு புள்ளி தள்ளி நின்றது. நான் சந்தோஷப்பட்டேன். எல்லோரும் ஒரே பிழையை விடுகிறார்கள் என்றால் என் வேலை இன்னும் சுலபம்தானே.

என் மேற்பார்வையாளர் சந்தோஷப்படவில்லை. அவர் கொழும்பில் வளர்ந்து இங்கிலாந்தில் படித்த சிங்களப் பெண்மணி. குரலை உயர்த்தாதவர், அதனால்தான் பயம். வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "மனிதர்கள் இப்படிப் பேசுவதில்லை. ஒரே ஆளை இருபது தடவை பேச வைத்தாலும் இதைவிட அதிகமாகச் சிதறும். இந்தப் பதிவுகள் உண்மையிலேயே இருபத்து நான்கு பிள்ளைகளுடையவைதானா?"

பொய்த் தரவு என்கிறார். அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மூன்று வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டும், தராவிட்டால் கோப்பை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். நாவலப்பிட்டி தாண்டும்வரை எனக்கு எதுவும் ஓடவில்லை. ஹட்டனில் ஏறிய ஒருவர் இருக்கை கேட்டபோது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். மனுஷன் பயந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

வட்டகொடையில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், தள்ளி நின்ற அந்தப் புள்ளி யாருடையது என்று பட்டியலில் பார்த்தேன். எங்கள் வகுப்பு மொனிட்டருடையது. வகுப்பிலேயே நன்றாக ஆங்கிலம் பேசுகிறவள் அவள். அவள் மட்டும் ஏன் தனியே தள்ளி நிற்க வேண்டும் என்று யோசித்த அடுத்த நிமிடம் எனக்குக் கந்தோர் பாடம் ஞாபகம் வந்தது.

எங்கள் பாடசாலையில் 'கந்தோர் பாடம்' என்று ஒன்று உண்டு. கல்விக் கந்தோரிலிருந்து, அதாவது கல்வி அலுவலகத்திலிருந்து, அதிகாரிகள் வகுப்புப் பார்க்க வரும் நாளில் நடத்துகிற பாடம். வருடா வருடம் அதே பாடம்தான். பிள்ளைகளுக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆனாலும் அன்றுதான் முதல்முறை கேட்பது போலக் கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் சரியாகவே சொன்னால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும் அல்லவா. அதனால் ஒருத்தி மட்டும் ஒரு பிழை விட வேண்டும், நான் அன்பாகத் திருத்த வேண்டும். பிழை விடுவது எல்லோராலும் ஆகிற வேலை இல்லை. சொன்ன இடத்தில், சொன்ன அளவுக்குத்தான் விட வேண்டும். ஆகவே அந்தப் பொறுப்பு எப்போதும் வகுப்பின் கெட்டிக்காரிக்கு. இந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைத்த புண்ணியவதியும் நான்தான்.

திங்கட்கிழமை முதல் பாடம் முடிந்ததும் மொனிட்டரைப் புத்தக அறைக்குக் கூப்பிட்டேன்.

"பதிவுக்கு முந்தி எல்லாரும் சேர்ந்து பழகினீங்களா?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஆமாங்க டீச்சர். நீங்க அந்தச் சொல்ல எல்லாம் வகுப்புல வாசிச்சீங்கல்ல, அத போன்ல புடிச்சு குரூப்ல போட்டோம். ரெண்டு கெழம கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பழகினோம். யூனிவர்சிட்டில டீச்சருக்குத்தானே மார்க்ஸ் போடுறாங்க. டீச்சர் பேரு கெட்டுறக்கூடாதுன்னு."

"நீ மட்டும் ஏன் வேற மாதிரி சொன்ன?"

"கந்தோர் பாடத்துல நான்தானே பெழ விடுறது, டீச்சர்."

"அந்தப் பிழைய எங்க புடிச்ச?"

"யூடியூப்ல ஒரு வெள்ளக்காரம்மா இங்கிலீஷ் சொல்லித் தர்றாங்க. அவங்க நேர்ஸ், கேர்ள் எல்லாம் நீங்க சொல்றதுக்கு வேற மாதிரி சொன்னாங்க. அதான், அத பெழையா எடுத்துக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. அவள் போனில் இருந்த என் குரலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் மென்பொருளில் போட்டேன். என் புள்ளி அந்த இருபத்து மூன்று புள்ளிகளின் நட்ட நடுவில் விழுந்தது. கடைசிக்கு வைத்திருந்த புத்தகத்து வெள்ளைக்காரர்களையும் போட்டேன்; அவர்கள் தூரத்தில் விழுந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரச, மொனிட்டரின் பிழை நின்றது. தோட்டப் பிள்ளைகளின் பிழை என்று நான் அளந்துகொண்டிருந்தது என் சொந்த உச்சரிப்பை.

மறுநாள் அவளிடம், "நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப டீச்சர் சொல்றது?"

"ரெண்டு மாதிரியும் சொல்லலாம்" என்றேன். மொழியியலில் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் அன்று நான் மொழியியல் பேசவில்லை. தப்பித்துக்கொண்டேன்.

மேற்பார்வையாளரிடம் தப்பிக்க முடியாது. ஒன்று நான் பொய்க்காரி, அல்லது நான் பன்னிரண்டு வருடமாகக் கற்பித்த ஆங்கிலம் ஏகாரத்தின் பக்கம் சாய்ந்தது. இரண்டில் எதை ஒப்புக்கொள்வது என்று மூன்று நாள் யோசித்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. கடைசியில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கந்தோர் பாடத்தைச் சொன்னபோது முதல்முறையாக அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு, வேறு இருபது சொற்கள் கொடுத்து, ஒத்திகைக்கு இடமில்லாமல், மறுபடி பதிந்து வரச் சொன்னார். "உங்கள் குரலையும் சேர்த்து," என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் கம்பளிகள் தொங்கின. இந்த முறை மார்க்ஸ் யாருக்கும் இல்லை என்றும், அவரவருக்கு வருவது போலச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். "எங்களுக்கு டீச்சர் சொல்ற மாதிரிதானே வரும்" என்றான் முன்னால் நின்றவன். கிண்டல் இல்லை, தகவல்தான் சொன்னான்.

அவன் சொன்னபடியே ஆனது. புள்ளிகள் கொஞ்சம் தளர்ந்து மனிதர்களுடையவை போல விழுந்தன. ஆனாலும் என்னைச் சுற்றியேதான் விழுந்தன. மேற்பார்வையாளருக்குத் திருப்தி. நான் பொய்க்காரி இல்லை என்று ஆகிவிட்டது, பட்டமும் பிழைத்தது. எனக்குத்தான் ஒன்று உறுத்தியது. தள்ளி நின்ற புள்ளியைக் காணவில்லை. எண்ணிப் பார்த்தேன். மொனிட்டரும் கூட்டத்துக்குள் வந்திருந்தாள், மற்ற எல்லோரையும்விட எனக்குக் கிட்டத்தில்.

மறுபடியும் அவளைக் கூப்பிட்டேன். "ஏன் மாத்தின?"

"அன்னைக்கி நான் வேற மாதிரி சொன்னதாலதானே டீச்சருக்குப் பிரச்சின வந்து, என்னக் கூப்பிட்டுக் கேட்டீங்க. அதான் எல்லாரும் சொல்ற மாதிரியே சொல்லிட்டேன்."

"அந்த வெள்ளக்காரம்மா மாதிரி இப்ப ஒருக்கா சொல்லு."

அவள் சொன்னாள். ஏகாரம்தான் வந்தது. இன்னொரு தடவை முயன்றாள், மறுபடியும் ஏகாரம்.

"இப்ப வர மாட்டேங்குது, டீச்சர்" என்றாள். "மூணு கெழமையா மாத்திச் சொல்லிப் பழகினேன்ல."

அவளை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு நான் அங்கேயே நின்றேன். பிள்ளைகளின் வாயில் நுழையாது என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்த நான், நுழைந்திருந்த ஒரு வாயிலிருந்தும் அதை வெளியே எடுத்துவிட்டேன். அதையும் அவள் எனக்கு உதவி என்று நினைத்துத்தான் செய்திருக்கிறாள்.

ஆய்வேட்டில் அவளுடைய இரண்டு புள்ளிகளையும் அருகருகே போட்டு, இந்த மாற்றத்துக்குக் காரணம் ஆசிரியை என்று எழுதினேன். பரீட்சகர்கள் அந்தப் பக்கத்தைத்தான் ஆய்வின் சிறந்த பகுதி என்று பாராட்டினார்கள். எனக்குப் பட்டம் கிடைத்தது. இப்போது தினமும் இடைவேளையில் நாங்கள் இருவரும் புத்தக அறையில் உட்கார்ந்து அந்த வெள்ளைக்காரம்மாவின் வீடியோவைப் போட்டு, கூடவே சொல்லிப் பார்க்கிறோம். எனக்குச் சில நாள் வருகிறது. அவளுக்கு இன்னும் வரவில்லை.