வீராசாமி ஒதுக்கிய டீசல் எஞ்சின்

செஞ்சி கடைத்தெருவில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த மல்லிநாத நயினாருக்குப் பொம்மை ரயில் பித்து பிடித்தது, அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி தண்டவாளம் அனுப்பிய பிறகுதான். மண்டி மாடியில் பலகை அடித்து, விழுப்புரம் ஜங்ஷனைச் சின்னதாகக் கட்ட ஆரம்பித்தார். எந்த வருஷத்து விழுப்புரம் என்று கேட்டால் அறுபத்து நாலு என்பார். அதற்குப் பிறகு லைனில் மின்கம்பி வந்துவிட்டது. அத்தனை கம்பம் நட்டுக் கம்பி இழுக்க அவருக்குப் பொறுமை இல்லை.

அவர் மண்டியில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்த வீராசாமி, விழுப்புரம் ரயில் ஷெட்டில், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்தவன். வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால், "உடம்புக்கு ஒத்துக்கல" என்பான். அது பொய் என்று அவன் மனைவி சுந்தராம்பாளுக்கு மட்டும் தெரியும்.

ஷெட்டில் இருந்தபோது, டீசல் எஞ்சின் ஓட்டும் பயிற்சிக்கு அவனும் கூட்டாளி பாண்டுரங்கனும் சேர்ந்துதான் போனார்கள். நெருப்பு எரியும் சத்தத்திலேயே நீராவி குறைவதைக் கண்டுபிடிக்கும் வீராசாமிக்கு, கரும்பலகையில் வரைந்த கரண்ட் கோடுகள் தலையில் ஏறவில்லை. பாண்டுரங்கன் தேறினான். கரி எஞ்சின்கள் குறையக் குறைய, வீராசாமியைச் சாம்பல் அள்ளப் போட்டார்கள். ஒருநாள் பாண்டுரங்கன் வெள்ளைச் சட்டையோடு டீசலிலிருந்து இறங்கி, "நல்லாருக்கியாடா?" என்று கேட்டான். அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீராசாமி ஊருக்கு பஸ் ஏறிவிட்டான்.

நயினார் ஒரு மத்தியானம் அவனை மாடிக்குக் கூப்பிட்டு, வெளிநாட்டுக் கேட்லாக் ஒன்றை நீட்டினார்.

"இதுல எந்த டீசல்டா அந்த வருஷம் நம்ம லைன்ல ஓடிச்சு? அச்சு அசலா இல்லன்னாலும் சாடையாவது இருக்கணும். ரெண்டு வாங்கலாம்னு இருக்கறேன்."

வீராசாமி பக்கங்களைப் புரட்டினான். நீண்ட மூக்கும் ஒரு ஓரத்தில் டிரைவர் அறையுமாக, அன்றைக்குப் பாண்டுரங்கன் இறங்கி வந்த எஞ்சின் சாடையில் ஒன்று வந்தது. நிற்காமல் அடுத்த பக்கம் திருப்பினான்.

"எதுவும் இல்லீங்க நயினாரே. அறுபத்து நாலுல நம்ம பக்கம் டீசலே வரல. எல்லாம் கரி எஞ்சின்தான்."

"நெஜமாவா?"

"நான் அங்கதானே இருந்தேன்."

நயினார் நம்பினார். கரி எஞ்சின்களையே வரவழைத்தார். வீராசாமி அவற்றுக்குக் கறுப்பு பூசி, நம்பர் எழுதி, பஞ்சால் கரிப்புகை கூட வைத்தான். அந்த மாதங்களில் அவன் வீட்டில் சத்தம் போடவில்லை. "இன்னா, மூஞ்சி தெளிஞ்சி இருக்குது" என்று சுந்தராம்பாளே கேட்டாள்.

பொங்கலுக்கு நயினார் மாடியை ஊராருக்குத் திறந்துவிட்டார். பக்கத்துத் தொண்டூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த பாண்டுரங்கனும் கேள்விப்பட்டு வந்தான். பலகையைச் சுற்றி வந்து ரசித்தான். பிறகு கேட்டான்:

"எந்த வருஷம் இது?"

"அறுபத்து நாலு" என்றார் நயினார்.

"அப்ப டீசல் எங்க? அந்த வருஷந்தானே நாங்க ரெண்டு பேரும் டீசலுக்குப் பரீட்சை எழுதனோம். நான் பாஸ், இவன் பெயில். ஏன்டா வீராசாமி, சொல்லலையா?"

அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கூட்டம் சிரித்தது. வீராசாமி தண்டவாளத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

நயினார் திட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் கேட்லாக்கை எடுத்து வந்து, "எதுன்னு காட்டு" என்றார். வீராசாமி விரலை வைத்தான்.

எஞ்சின் வந்து சேர்ந்தபோது நயினார் சந்தோஷமாகச் சொன்னார்: "நீயே பெயிண்ட் அடிச்சிடு. பாண்டுரங்கன் ஓட்டுற வண்டி நம்பரையே போட்டுடு, கேட்டு வச்சிருக்கறேன்."

வீராசாமி போட்டான். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. தன் கரி எஞ்சின்களைத் தானே தள்ளி ஓரத்து லைனில் நிறுத்தினான்.

"பொய் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள் சுந்தராம்பாள்.

"பொய்யின்னு எனக்கே மறந்துபோச்சுடி. அதான் வலிக்குது."

அடுத்த மல்லாட்டை வரத்துக்கு முன்பே அவன் மண்டியை விட்டு நின்றுவிட்டான். பஸ் ஸ்டாண்டில் பஸ் கூரை மேல் மூட்டை ஏற்றப் போனான். நயினார் இரண்டு முறை ஆள் அனுப்பினார். "உடம்புக்கு ஒத்துக்கல" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.