கரி படிந்த கொய்யா

ஏற்காடு மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் கொய்யா வாங்க நிற்கிறேன். அடிவாரத்திலிருந்து ஏறிவரும் பஸ் வளைவில் திணறி, கரும்புகையைக் கக்கிவிட்டுப் போகிறது. கொய்யா விற்கும் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். பிறகு ஈரத்துணியால் ஒவ்வொரு பழமாகத் துடைக்கிறார். துணி கறுத்துவிடுகிறது.

"நாள் முழுக்க இந்தப் புகையிலயா உக்காந்திருக்கீங்க?"

"யாவாரம் இங்கதானுங்க. ஊடு மேல மலைக்குள்ள, செம்மநத்தத்துல. அங்க இந்தக் கரியெல்லாம் இல்லீங்க. எம்புள்ள அங்கதான் ஓடியாடிக்கிட்டு இருக்கா."

பொறாமை சுருக்கென்று தைக்கிறது. சென்னையில் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழேயே மெயின் ரோடு. என் மகள் இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏறுவதில்லை. கரியைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு பிள்ளையை விட்டுவைக்க இவருக்கு ஓர் இடம் இருக்கிறது. எனக்கு இல்லை.

மகளைப் பற்றிச் சொல்கிறேன். அக்கா துடைப்பதை நிறுத்துகிறார்.

"அய்யோ பாவம். லீவுல கூட்டியாங்க. எங்கூட்ல பத்து நாள் இருக்கட்டுமுங்க. காத்து நொம்ப நல்லாருக்கும்."

நன்றி சொல்ல வேண்டிய இடம். ஆனால் பத்து நாள் முடிந்ததும் என் மகள் திரும்பிவிடுவாள், அவர் மகள் அங்கேயே இருப்பாள் என்பதுதான் முதலில் தோன்றுகிறது.

"சரிங்க" என்கிறேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.