முத்தாயிக்குப் பிடிக்காத பாட்டு

என் மாமியார் முத்தாயியைக் காணவில்லை என்று தெரிந்தபோது கோயிலில் மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. சமையல் கொட்டகையோரம் நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு வாழைப்பழத்தையும் கொடுத்துவிட்டு, ரசம் ஊற்றத்தான் போனேன். திரும்பி வந்தால் நாற்காலியில் பழத்தோல் மட்டும் கிடக்கிறது.

லிங்கி ஊர்ப் பக்கத்துத் தோட்டம் அது. அத்தை காலமெல்லாம் ரப்பர் பால் மரம் சீவிய இடம். பால் மரமும் போய், தொழிலாளர் லயத்து வீடுகளும் போய், இப்போது எந்தப் பக்கம் பார்த்தாலும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான். நடுவில் மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். இப்போது குடியிருக்கும் பாரோயிலிருந்து வருடம் ஒரு முறை திருவிழாவுக்கு வருவோம். செம்பனைக்கு அந்தப் பக்கம் ஆறு. முதலை இருக்கிறது, இறங்காதே என்று பலகை வேறு நட்டிருக்கிறார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, அத்தையக் காணோம்!"

என் வீட்டுக்காரர் சுகுமாறன் ஒலிபெருக்கிப் பெட்டியருகே உட்கார்ந்திருந்தார். கோயில் ஸ்பீக்கர் வருடா வருடம் அவர் பொறுப்பு. சட்டென்று எழுந்ததில் நாற்காலி சாய்ந்து விழுந்தது.

அத்தைக்கு ஞாபகம் தப்பி இரண்டு வருடமாகிறது. விடியுமுன் எழுந்து, "பால் வாளி எங்க? பெரட்டுக்கு நேரமாச்சு" என்று என்னை விரட்டுவார். காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். பிறகு அவரவர் நெரைக்கு, அதாவது தனக்கென்று ஒதுக்கிய மர வரிசைக்கு, ஓட வேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒற்றையாளாகப் பிள்ளை வளர்த்தவருக்கு அந்தப் பயம் மட்டும் மறக்கவில்லை. பெற்ற பிள்ளையை மறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போகிறவர் என்பதால் அவருக்கு மகன் "டிரைவர் தம்பி". என் வீட்டுக்காரர் சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கோயில் தலைவர் அமிர்தலிங்கம் மைக்கைப் பிடித்தார். "முத்தாயி! முத்தாயி! எங்க இருந்தாலும் கோயிலுக்கு வரவும்!" ஆண்களெல்லாம் செம்பனைக்குள் பிரிந்து ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் மூச்சு வாங்க வந்து ஒற்றைச் செருப்பை நீட்டினார்.

"ஆத்துக்குப் போற பாதையில கெடந்துச்சுக்கா."

அத்தை செருப்புதான். ஐயோ, அந்த வாரை நான்தானே காலையில் மாட்டிவிட்டேன்!

"இன்னும் சத்தமா கூப்பிடுங்க லா!" என்று தலைவர்மேல் பாய்ந்தேன். மனிதர் தொண்டை கிழியக் கத்தினார். பதிலே இல்லை. மழைத்துளி விழ ஆரம்பித்தது.

அப்போது என் வீட்டுக்காரர் காருக்கு ஓடினார். திரும்பி வரும்போது கையில் ஒரு சிடி. எனக்கு அந்த நீல அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ட்ரான்ஸ், யூரோ ஹவுஸ் டான்ஸ் பாட்டுத் தொகுப்பு. அவர் இளவட்டமாக இருந்தபோது, போர்ட்டிக்சன் கடற்கரை டான்ஸ் பார்ட்டிகளுக்கு விளக்குக் கட்டப் போய், விடியும்வரை ஆடிவிட்டு வந்த நாட்களில், சிரம்பான் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது. ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. டும் டும் டும் என்று இடிக்கும். நடுவில் ஒரு வெள்ளைக்காரி ராகம் இழுப்பாள்.

நான் கல்யாணமாகி லயத்துக்கு வந்த புதிதில் இதைப் போட்டால் போதும், எங்கே இருந்தாலும் அத்தை விளக்குமாற்றோடு வந்து நிற்பார். குளித்துக்கொண்டிருந்தால் ஈரச் சேலையோடு வருவார். வயரைப் பிடுங்காமல் போகமாட்டார். அந்தத் தொகுப்பின் இரண்டு சிடியில் ஒன்றை முழங்காலில் வைத்து உடைத்த மகராசி! மற்றதை எத்தனை தடவை நான் குப்பையில் போடப் பார்த்திருப்பேன்.

"இந்த நேரத்துல இது எதுக்குங்க? புத்தி கெட்டுப்போச்சா?"

"அம்மா என்னை மறந்துருச்சு ரோகினி. இது மேல இருக்கிற கோவத்த மறந்திருக்காது."

தலைவர் குறுக்கே நின்றார். "கோயில் ஸ்பீக்கர்ல டிஸ்கோ பாட்டா? ஆத்தா சந்நிதி சுகு!"

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா காலுல விழுந்துக்கிறேன்ணே. நகருங்க."

முதலில் சிடி பிடிக்கவே இல்லை. வேட்டியில் துடைத்துப் போட்டார். கிறீச்சென்று இழுத்து நின்றது. மறுபடி துடைத்தார். திடீரென்று அந்தப் பாழாய்ப்போன இடி தொடங்கியது. நாலு திசைக் குழாய் ஸ்பீக்கரும் அதிர்ந்தன. கிழவிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். செருப்பை நெஞ்சோடு அணைத்தபடி நான் மாரியம்மாவிடம் கதறியது எனக்கே கேட்கவில்லை.

ஐந்து நிமிடம் இடித்தும் யாரும் வரவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் போயிற்று. என் வீட்டுக்காரர் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். "தாயே, தாயே" என்று அவர் வாய் அசைந்தது.

வெள்ளைக்காரி ராகம் இழுக்கும்போதுதான் செம்பனை மட்டைகள் விலகின. முழங்கால்வரை சேறு, ஒரு காலில் செருப்பு, கையில் காய்ந்த மட்டை. யாரையும் பார்க்காமல் நேரே வந்தார் அத்தை.

"டேய் சுகு! நிப்பாட்டுடா அந்தச் சனியன! மண்டோரு எம்பேரச் சொல்லிக் கத்துறானேன்னு நான் நெரைக்கு ஓடிக்கிட்டு இருக்கேன், நீ இங்க கூத்தடிக்கிறியா?"

நாங்கள் கூப்பிடக் கூப்பிட அத்தை ஆற்றைப் பார்த்தல்லவா ஓடியிருக்கிறார்!

மட்டை மகன் தோளில் விழுந்தது. "பக்கத்து வூட்டுக்காரன் காறித் துப்புவான்டா சுகு! அப்பன் இல்லாத புள்ளன்னு செல்லம் குடுத்தேன் பாரு!" இன்னும் ஒரு அடி. என் வீட்டுக்காரர் நகரவில்லை. கண்ணீர் தாடையில் ஓடியது.

"அதான் வந்துட்டாங்களே! நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

"இரு ரோகினி. இன்னும் ரெண்டு தடவ திட்டட்டும்."

அத்தையே பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. செம்பனைமேல் மழை விழுவது கேட்டது. மட்டையைக் கீழே போட்டுவிட்டு அத்தை மகன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏன் டிரைவர் தம்பி அழுவுற? வூட்டுல ஏதும் வெசனமா?"

என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒன்னும் இல்லம்மா. வாங்க, கார் அங்க நிக்குது" என்றார்.